கல்யாண வீடியோவை டிவியில் ஓட்டுவதும் பத்திரமாக வைப்பதும்

ஸ்டுடியோக்காரர் கல்யாண ஆல்பத்தோடு ஒரு பென் டிரைவையும் கொடுப்பார். அதை பீரோ லாக்கரில் வைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். ஊரிலிருந்து பெரியம்மா வந்திருக்கும் நாளில் டிவியில் செருகினால், படம் ஓடும், நாதஸ்வரம் கேட்காது. சில ஃபைல்கள் திறக்கவே திறக்காது. இன்னும் சில வருடம் போனால், கம்ப்யூட்டரில் போட்டதும் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். அந்த நிலைக்குப் போகாமல் இருக்க என்ன வாங்கலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்று இங்கே சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஃபைல் காப்பி செய்யத் தெரிந்தால் போதும்.

கடைக்குப் போகும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் பெட்டி வேறு, வைக்கும் இடம் வேறு. பிளேயர் நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கலாம். வீடியோவில் சிரித்துக்கொண்டு நிற்கும் தாத்தாவை மறுபடி படம் எடுக்க முடியாது. அதனால் கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை ஹார்ட் டிஸ்க்குக்கு ஒதுக்குங்கள். பிளேயர், வீட்டில் வயதானவர்கள் ரிமோட்டை எடுத்து ஓட்டும் அளவுக்கு எளிமையாக இருந்தால் போதும்.

முதல் வேலை: வீட்டில் என்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பென் டிரைவ்கள், டிவிடிக்கள், பழைய கேமராவின் மெமரி கார்டு, அலமாரி மூலையில் கிடக்கும் விஎச்எஸ் கேசட், யாரும் பயன்படுத்தாத பழைய போன், எல்லாம்தான். இவற்றில் கேசட்டும் டிவிடியும் அவசர கேஸ்கள்.

வீடியோ கேசட்டில் நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். அதை ஓட்டும் விசிஆரும் இனி புதிதாகக் கிடைக்காது. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நல்ல நிலையில் விசிஆர் வைத்திருக்கும் ஸ்டுடியோ உங்கள் ஊரில் இருந்தால் இந்த மாதமே கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது, “டிவிடியாக வேண்டாம், ஃபைலாகக் கொடுங்கள்” என்று கேளுங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டாம். டேப் அறுந்துபோகலாம், மெஷினின் ஹெட்டும் அழுக்காகி அடுத்த கேசட்டுக்கும் பூஞ்சை பரவும்.

ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த டிவிடியில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் பட்டால் அது மங்கும். கடையில் விற்கும் சினிமா டிவிடி அச்சடித்த தட்டு, அதனால் அதைவிட நீடிக்கும். வீட்டு டிவிடிக்களில் பூட்டு எதுவும் இருக்காது. கம்ப்யூட்டரில் திறந்து, உள்ளே இருக்கும் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யலாம். ஒரே ஃபைலாக வேண்டுமென்றால் மேக்எம்கேவி என்ற மென்பொருள் தரம் குறையாமல் எடுத்துத் தரும். டிவிடிக்கு அது இலவசம். ஒரு டிவிடியில் படிக்கும்போது திக்கினால், தட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடைத்து, வேறு கம்ப்யூட்டரின் டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது உண்டு.

அடுத்து, விஎல்சி பிளேயரைப் போட்டுக்கொள்ளுங்கள். 1996இல் பாரிசில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டம் இது. இன்றைக்கும் இலவசம், விளம்பரம் கிடையாது. ஒவ்வொரு வீடியோவையும் அதில் ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ என்பதைத் திறந்தால் அந்த ஃபைலின் ஜாதகமே தெரியும்.

கோடெக் என்றால் படத்தையோ ஒலியையோ சுருக்கி எழுதும் முறை. அங்கே பார்க்க வேண்டியவை இரண்டுதான்: படத்தின் கோடெக், ஒலியின் கோடெக். எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி எல்லாம் வெறும் டப்பாக்கள். சமையலறையில் ஒரே மாதிரி டப்பாவில் மிளகாய்ப்பொடியும் இருக்கும், மஞ்சள்பொடியும் இருக்கும், திறந்தால்தான் தெரியும். உள்ளே படம் எச்.264 ஆக இருந்தால் கவலையில்லை. 2003இல் வந்த தரம் அது, இன்று விற்கும் எந்த டிவியும் ஓட்டும். எச்.265 என்றால், அதாவது எச்ஈவிசி, 4கே டிவிகள் ஓட்டும், பழைய ஃபுல் எச்டி டிவிகள் பல ஓட்டாது. ஐபோன் 2017இலிருந்து இந்த வகையில்தான் பதிவு செய்கிறது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றினால் எச்.264க்கு வந்துவிடும், ஃபைல் மட்டும் பெரிதாகும்.

ஒலி ஏஏசி என்றால் எங்கும் கேட்கும். டிடிஎஸ் என்றால் பல டிவிகளில் படம் மட்டும் ஊமையாக ஓடும். டிடிஎஸ்ஸுக்கு டிவி நிறுவனம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து அதை விட்டுவிட்டது. நாதஸ்வரம் கேட்காமல் போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த ஒலி கோடெக்தான்.

இனிமேல்தான் கல்யாணம் என்றால், வீடியோக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: எடிட் செய்த படம் எம்பி4, எச்.264, எட்டு பிட், 4:2:0, ஒலி ஏஏசி. இந்த வரியை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவருக்குப் புரியும். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பத்து பிட், 4:2:2 என்று பதிவு செய்யும். எடிட் செய்ய அது அருமை, ஆனால் டிவிகள் அதை ஓட்டுவதில்லை. எடிட் செய்யாத மூல ஃபுட்டேஜையும் கேட்டு வாங்குங்கள். ஸ்டுடியோக்கள் அதைக் காலம் முழுவதும் வைத்திருக்க மாட்டார்கள். மூன்று மணி நேரப் படத்தில் இடம்பெறாமல் போன மாமாவும் அத்தையும் அந்த ஃபுட்டேஜில்தான் இருப்பார்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்?

போனில் எடுக்கும் 4கே வீடியோ, வினாடிக்கு 30 ஃபிரேம், எச்.265 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி. அதையே ஃபுல் எச்டியில் எடுத்தால் நிமிடத்துக்கு 60 எம்பிதான். ஒற்றை அடுக்கு டிவிடியில் அதிகபட்சம் 4.7 ஜிபி. பழைய கேம்கார்டரின் மினி டிவி (MiniDV) கேசட்டைத் தரம் குறையாமல் எடுத்தால் மணிக்கு 13 ஜிபி. ஸ்டுடியோ தரும் மூன்று மணி நேரக் கல்யாணப் படம், நல்ல தரத்தில் 25 ஜிபியைத் தாண்டலாம்.

உங்கள் கணக்கைப் போட்டு, வரும் தொகையை இரண்டு மடங்காக்குங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு 1 டிபி போதும், மூல ஃபுட்டேஜும் இருந்தால் 2 டிபி. 1 டிபி டிஸ்க்கைச் செருகினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு அது, கடைக்காரர் ஏமாற்றவில்லை.

டிஸ்க் வாங்குவது

இரண்டு வாங்குங்கள். 2 டிபி ஒன்று வாங்க நினைத்திருந்தால், அதற்குப் பதில் 1 டிபியில் இரண்டு வாங்குவது மேல். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டேட்டா சென்டர்களில் ஓடும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கை வருடாவருடம் வெளியிடுகிறது. 2023இல் நூற்றுக்கு 1.4 டிஸ்க் பழுதானது. குளிரூட்டிய அறையில், யாரும் தொடாமல் இருக்கும் டிஸ்க்குகளுக்கே இந்தக் கணக்கு. நம் வீட்டில் மேசையிலிருந்து விழும், கரன்ட் போகும், குழந்தை கேபிளை இழுக்கும். எந்த பிராண்டாக இருந்தாலும் ஒருநாள் பழுதாகும் என்று எடுத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். சீகேட்டா, வெஸ்டர்ன் டிஜிட்டலா, தோஷிபாவா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ஒவ்வொன்றும் வேறு பிராண்டாகவோ வேறு மாதத்தில் வாங்கியதாகவோ இருந்தால் நல்லது. ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே குறையோடு வரலாம்.

வகை எது? நீண்ட நாள் வைத்திருக்க, யுஎஸ்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சின்ன 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் போதும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும். டிவியோடு தினமும் இருக்கும் பிரதிக்கு நன்றாக இருக்கும். ஆனால் அலமாரியில் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும் பிரதியாக எஸ்எஸ்டியை வைக்க வேண்டாம். அது மின்னூட்டமாகத் தகவலைப் பிடித்து வைக்கிறது, மின்சாரமே இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும். எழுதி எழுதித் தேய்ந்துபோன வீட்டு எஸ்எஸ்டி, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும் என்பதுதான் சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். புதிது அதைவிட நீண்ட நாள் தாங்கும். இருந்தாலும் சித்திரை மாதத்து பீரோ 30 டிகிரியோடு நிற்பதில்லை. பென் டிரைவும் இதே வகைதான், பெரும்பாலும் இதைவிட மலிவான சிப்போடு. கொண்டுபோக, கொடுக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் என்று பார்த்தால் கடந்துபோய்விடுங்கள். உள்ளே 32 ஜிபி சிப் இருக்கும், 2 டிபி என்று பொய் சொல்லும்படி எழுதியிருப்பார்கள். காப்பி ஆவது போலவே காட்டும். பிறகு திறந்தால் முதல் சில வீடியோக்கள் ஓடும், மற்றவை வெற்று. எந்த டிரைவ் வாங்கினாலும் வீடியோ போடும் முன் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகளால் முழுக்கொள்ளளவையும் சோதியுங்கள். டிரைவ் முழுவதும் எழுதித் திரும்பப் படிக்கும் என்பதால், பெரிய டிஸ்க்குக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். பில்லோடு திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள்ளேயே குறை தெரிந்துவிடும்.

ஃபார்மேட், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி எழுதும் முறை, டிவியோடு சம்பந்தப்பட்டது. பழைய ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஸ்டுடியோ பென் டிரைவில் படம் துண்டு துண்டாக வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வீட்டில் எல்லாமே விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ் போடுங்கள். கேபிள் திடீரென்று பிடுங்கப்பட்டாலும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும், பெரும்பாலான டிவிகளும் படிக்கும். மேக் இருக்கும் வீட்டில் எக்ஸ்ஃபேட்தான் வழி. மேக்கில் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கலாம், எழுத முடியாது. எக்ஸ்ஃபேட்டை உங்கள் டிவி படிக்கிறதா என்று சின்ன பென் டிரைவில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். டிஸ்க்கோடு வரும் பாஸ்வேர்டு மென்பொருளைப் போட வேண்டாம். பத்து வருடம் கழித்து அந்தப் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவிருக்காது.

காப்பி செய்வது

காப்பி செய்ய லேப்டாப் நல்லது, கரன்ட் போனாலும் பேட்டரி தாங்கும். யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். பல லேப்டாப்களில் உள்ளே நீல நிறமாக இருக்கும். யுஎஸ்பி 2இல் 1 டிபி காப்பியாக எட்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், யுஎஸ்பி 3இல் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடலாம்.

வருடவாரியாக ஃபோல்டர் போட்டு, ஃபைல் பெயரில் தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: ‘2019-05-12 கல்யாணம் முகூர்த்தம்’. அப்போது தானாகவே கால வரிசையில் நிற்கும். சில டிவிகளில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்படியானால் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டியதுதான். கூடவே ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் யார் யார் இருக்கிறார்கள், எந்த மண்டபம், எந்த ஊர் என்று எழுதி வையுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் பெயர் இருபது வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவேண்டுமென்றால், தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கட்டாயம் ஒதுக்குங்கள்.

காப்பி முடிந்ததும் சரிபார்க்க வேண்டும். டெராகாப்பி மாதிரி மென்பொருளில் ‘வெரிஃபை’ வசதி இருக்கிறது, அசலையும் நகலையும் ஒப்பிட்டுச் சொல்லும். அது இல்லையென்றால் இரண்டு ஃபோல்டரிலும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெரிய ஃபைல்களை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். இதெல்லாம் முடியும்வரை மெமரி கார்டையோ போனையோ அழிக்கக்கூடாது.

பிரதிகளை எங்கே வைப்பது?

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 கணக்கு இன்றைக்கும் சரியானது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று வேறு இடத்தில். வீட்டு அளவில் இதை இப்படிச் செய்யலாம்: டிவி பக்கத்தில் ஒரு டிஸ்க், அண்ணன் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ இன்னொரு டிஸ்க், முக்கியமானவை மட்டும் இணையச் சேமிப்பில்.

அந்த ‘வேறு இடம்’ தெருவுக்கு அப்பால் இருந்தால் போதாது. 2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்றங்கரை வீடுகளில் தரைத்தளம் மூழ்கியபோது, ஒரே அலமாரியில் இருந்த ஆல்பம், டிவிடி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்ந்தே போயின. வேறு ஊர் என்றால் மிக நல்லது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ போகும்போது புதிய வீடியோக்களைச் சேர்த்துக்கொண்டு வரலாம். டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில், மேல் தட்டில் வையுங்கள்.

ஒரு பிரதியாவது எதிலும் செருகாமல் தனியாக இருக்க வேண்டும். கிராக் செய்த மென்பொருள் வழியாக வரும் ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும், இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதில் இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதும் ரெய்டு முறையில் ஒரு டிஸ்க் பழுதானால் இன்னொன்று ஓடும், அவ்வளவுதான். தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். புதியவர்களுக்கு நாஸ் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் மூன்றாவது டிஸ்க் வாங்கலாம்.

இணையச் சேமிப்பில் கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது, ஜிமெயிலும் சேர்த்து. போட்டோஸில் அளவில்லாமல் போடும் சலுகை 2021 ஜூன் 1இல் முடிந்துவிட்டது. காசு கொடுத்து வைப்பதானால் ‘ஒரிஜினல் குவாலிட்டி’ தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ ஆகப் போட்டு டொராண்டோவில் இருக்கும் தங்கைக்கு லிங்க் அனுப்புவது நல்ல யோசனைதான், ஆனால் அதைச் சேமிப்பு என்று எண்ண வேண்டாம். படத்தை அது மறுபடி சுருக்கும். கல்யாண வீடியோவில் பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடுவதால் காப்பிரைட் என்று நிறுத்தியும் வைக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சுருங்கும்; டாக்குமென்ட் ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும்.

இப்போது பிளேயர்

முதலில் இருக்கிற டிவியையே சோதியுங்கள். டிஸ்க்கை டிவியின் யுஎஸ்பி போர்ட்டில் செருகி, ஒவ்வொரு வகையிலும் ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். எல்லாம் ஓடினால் எதுவும் வாங்க வேண்டாம்.

சோதிக்கும்போது ஒன்றில் மிகக் கவனம் தேவை. சில டிவிகளும் செட்டாப் பாக்ஸ்களும், டிஸ்க்கைச் செருகியதும் நிகழ்ச்சி பதிவு செய்ய அதை ஃபார்மேட் செய்யலாமா என்று கேட்கும். ஆண்ட்ராய்டு டிவி ‘டிவைஸ் ஸ்டோரேஜ்’ ஆக்கவா, ‘ரிமூவபிள் ஸ்டோரேஜ்’ ஆக வைக்கவா என்று கேட்கும். முதலாவதை அழுத்தினால் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் போய்விடும். எப்போதும் ‘நோ’, எப்போதும் ‘ரிமூவபிள்’. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். இரண்டாவது பிரதி எடுத்து முடிக்கும் முன் டிவியில் செருகவே வேண்டாம்.

டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டால், அந்த போர்ட்டில் மின்சாரம் போதாமல் இருக்கலாம். ‘எச்டிடி’ என்று எழுதிய போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள், இல்லையென்றால் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்குங்கள்.

டிவி ஓட்டாத ஃபைல்கள் நிறைய இருந்தால் ஒரு ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் வாங்கலாம். முழு அளவு யுஎஸ்பி போர்ட், எச்.265 வசதி, கூகுள் சான்று பெற்றது என்ற மூன்றையும் பார்த்து வாங்குங்கள். ஸ்டிக் வகையில் முழு யுஎஸ்பி போர்ட் இருக்காது. மின்சாரத்தையும் டிஸ்க்கையும் சேர்த்துத் தரும் ஓடிஜி கேபிள் தேடி அலைய வேண்டும். பெயர் தெரியாத மலிவுப் பாக்ஸ்கள் வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்தே வைரஸோடு வந்தது 2023இல் டி95 என்ற மாடலில் வெளிச்சத்துக்கு வந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐயும் பேட்பாக்ஸ் 2.0 என்ற வைரஸ் வலையைப் பற்றி எச்சரித்தது. அப்படிப்பட்ட பெட்டி உங்கள் வைஃபையில் உட்கார்ந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சான்றில்லாத பெட்டியில் நெட்ஃபிளிக்ஸும் எச்டியில் ஓடாது.

பாக்ஸில் விஎல்சியைப் போட்டால் டிடிஎஸ் ஒலியும் கேட்கும். போஸ்டர், தொகுப்பு என்று அழகாக வரிசைப்படுத்த வேண்டுமென்றால் கோடி (Kodi) என்ற பிளேயர் இருக்கிறது. 2002இல் எக்ஸ்பாக்ஸுக்காகத் தொடங்கி 2014இல் இந்தப் பெயருக்கு மாறிய இலவச மென்பொருள் அது. ஆனால் மெனுக்கள் அதிகம், அம்மா அப்பாவுக்குத் தலை சுற்றும். விஎல்சியில் ஃபோல்டரைத் திறந்தால் வீடியோ, அழுத்தினால் ஓடும். ஒரு கம்ப்யூட்டரில் வீடியோக்களை வைத்து வீட்டு டிவிகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மாதிரி சர்வர் முறைகளை, வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டர் இருந்து, அதைப் பார்த்துக்கொள்ள ஆர்வமுள்ள ஒருவரும் இருந்தால் மட்டும் பிறகு யோசிக்கலாம்.

ஒன்றிரண்டு ஃபைல்தான் ஓடவில்லை என்றால், பாக்ஸ் வாங்குவதைவிட அவற்றை மாற்றிக்கொள்வது எளிது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து எம்பி4 ஆக்குங்கள். மாற்றியதை ‘டிவிக்கு’ என்று தனி ஃபோல்டரில் வையுங்கள். அசலை அழிக்க வேண்டாம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தரம் கொஞ்சம் குறையும், பத்து வருடம் கழித்து வரும் டிவிக்கு அசலிலிருந்துதான் மாற்ற வேண்டியிருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை

ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், கல்யாண நாளே இருக்கட்டும். இரண்டு டிஸ்க்கையும் செருகி, அங்கங்கே வீடியோக்களை ஓட்டிப் பாருங்கள், அந்த வருடத்தில் போனில் எடுத்ததைச் சேருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும்; நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறினால் உடனே புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள். மாறாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுவது நல்லது. கழற்றும்போது ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்து, சுழற்சி நின்ற பிறகு எடுங்கள். டிஸ்க் எங்கே இருக்கிறது, என்ன இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.